சாமி வாக்கு கேட்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

போடிக்குள் ஒரு குடோன், குடோனுக்குள் நாற்பது ஐம்பது மூட்டை ஏலக்காய், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறையிலோ சாந்தம்பாறையிலோ கொஞ்சம் தோட்டம், மனசுக்குள் ‘விக்கலாமா, வச்சிருக்கலாமா’ என்று ஓர் அரிப்பு. இவை நான்கும் உள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏலக்காய் இல்லாதவர்கள் மகள் சம்பந்தம், பையனின் வெளிநாட்டு வேலை, பங்காளி கேஸ் என்று தக்கபடி மாற்றிப் படித்துக்கொள்ளலாம். முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

சாமியிடம் கேட்பது சுலபம். சாமி ஏதாவது சொல்லிவிடுவதுதான் ஆபத்து. அதுவும் நமக்குப் பிடிக்காததைச் சொல்லிவிட்டால் போய்வந்த செலவும் வீண், நிம்மதியும் போச்சு. ஆகவே முன்னேற்பாடு முக்கியம்.

முதல் ஏற்பாடு, முடிவை எடுத்துவிட்டுப் போவது. வெறுங்கையோடு சன்னதியில் நின்று ‘நீயே ஒரு வழி சொல்லப்பா’ என்று வாயை விட்டுவிடக் கூடாது. கேள்வியை வீட்டிலேயே செதுக்கிக்கொண்டு போக வேண்டும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் அதிகபட்சமாகக் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தின வருஷத்து வெள்ளத்தில் செடிகள் போனதும், அடுத்து மழை பொய்த்ததும் சேர்ந்து வந்த விலை அது. அந்த வாரம் மலையடிவாரத்தில் ‘இப்ப வித்துடலாமா சாமி’ என்று கேட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ‘பத்தாயிரம் எப்ப வரும்’ என்றுதான் கேட்டிருப்பார்கள். இதுதான் சரியான கேள்வி. இதற்குச் சாமி ஆடியிலா ஐப்பசியிலா என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும். ‘உனக்கு எதுக்குடா பத்தாயிரம்’ என்று திருப்பிக் கேட்க அதில் இடமே இல்லை. 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்து நின்றபோது அதே குடோன்களில் அதே மூட்டைகள் கொஞ்சம் இருந்தன என்றால் அதற்குச் சாமி பொறுப்பில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதானே அதன் வேலை.

அடுத்தது கருவி. நம் பக்கத்தில் மிகவும் பத்திரமானது பூக்கட்டிப் பார்ப்பது. சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. இரண்டையும் ஒரே அளவு இலையில் மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, சாமி காலடியில் போட்டு, விவரம் அறியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். கடைசி நிமிஷத்தில் அண்ணன் பேத்தியைப் பிடித்துத் தள்ளினால் அது அழும், நூலை வாயில் வைக்கும், பொட்டலத்தைத் தரையில் போட்டுவிட்டு அர்ச்சகர் தட்டில் இருக்கிற வாழைப்பழத்தை எடுக்கும். அதற்கெல்லாம் ஒரு பலன் சொல்ல யாராவது வந்துவிடுவார்கள்.

இதில் அனுபவஸ்தர்கள் செய்வது, எந்த நிறம் எதற்கு என்பதைச் சத்தமாகச் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வது. பொட்டலம் பிரிந்த பிறகு மனசு கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். மனைவி பக்கத்தில் நின்று ‘வெள்ளை வந்தா விக்கணும்னுதானே சொன்னீங்க’ என்று கேட்கிற வீடாக இருந்தால் இது நடக்காது. அப்போது ‘ஒரு தடவை பார்த்தா போதாது, மூணு தடவை பார்க்கணும்’ என்று ஆரம்பிக்க வேண்டும். மூன்றில் இரண்டு எதிராக வந்தால் ‘இன்னிக்கு அஷ்டமி, அடுத்த வெள்ளிக்கிழமை பார்ப்போம்’. சாமி பொறுமைசாலி, எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். கோர்ட்டில் இந்தச் சலுகை கிடையாது.

காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை என்று ஒரு முருகன் கோயில். அங்கே மூலவரை விடப் பேர்பெற்றது கண்ணாடி போட்ட ஓர் உத்தரவுப் பெட்டி. யாரோ ஒரு பக்தரின் கனவில் ஆண்டவர் வந்து ‘இந்தப் பொருளைக் கொண்டுவந்து வை’ என்பார். அவர் கோயிலுக்கு வந்து சொல்வார். பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்தவர் கனவில் அடுத்த பொருள் வரும் வரை அது அங்கேயே இருக்கும். ஒரு தடவை தண்ணீர் வைத்தார்கள், அதற்குப் பிறகுதான் சுனாமி வந்தது என்று பக்தர்கள் இன்றும் சொல்வார்கள். மஞ்சள் வைத்தால் மஞ்சள் விலை ஏறும் என்பார் ஒருவர், இறங்கும் என்பார் இன்னொருவர். பொருளை மட்டும் காட்டிவிட்டு ஆண்டவர் சும்மா இருந்துவிடுகிறார், மிச்சத்தை நாம் பேசிக்கொள்கிறோம். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. கனவு கண்டவர் பெரிய பண்ணையா, கூலிக்காரரா என்று அங்கே பார்ப்பதில்லை. ஆனால் நம் கையேட்டுக்கு அது உதவாது. நம் ஏலக்காய் விஷயம் யாரோ ஒரு வெளியூர்க்காரர் கனவில் வந்து தொலைத்தால் நாம் என்ன செய்வது?

குறி கேட்கிற இடத்துக்கு வருவோம். பூ வாய் திறக்காது. கோடாங்கி திறந்துவிடுவார். அங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உடுக்கை அடிக்க ஆரம்பிக்கும்போது மெதுவாகத்தான் இருக்கும், நாமும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கொட்டாவி வரும், தோள் குலுங்கும், நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்குவரை ஓடும். பிறகு வருவது அவர் குரல் இல்லை. ஐம்பது வயதுப் பெரிய மனுஷனை அது ‘டேய்’ என்று கூப்பிடும்.

‘டேய், வெளஞ்சத வெல பேச வந்தியா?’

‘ஆமா சாமி.’

‘வீட்டு வாசல்ல ஒரு பொம்பள கண்ணீர் காயாம நிக்குதே, அதுக்கு என்னடா வெல?’

இந்த இடத்தில் பெரும்பாலானவர்களுக்கு உள்ளங்கை ஈரமாகிவிடும். கூடப் பிறந்த தங்கச்சிக்கு எழுதிக் கொடுக்காத ரெண்டு ஏக்கர் கண்ணுக்கு முன்னால் வரும். எல்லார் வீட்டிலும் ஒரு பொம்பளை கண்ணீர் இருக்கும், கோடாங்கி பொதுவாகத்தான் சொன்னார் என்று பகுத்தறிவு பேசுகிறவர்கள் சொல்வார்கள். பொதுவாகச் சொன்னாலும் அது நம் தங்கச்சி மேலேயே போய் விழுந்ததே, அதற்கு என்ன சொல்வது? சரி, அது வேறு கட்டுரை. அந்தக் கணத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, சட்டென்று குனிந்து ‘என்ன பரிகாரம் சாமி’ என்று கேட்பது. இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அது ரெண்டு ஏக்கரை ரெண்டு எலுமிச்சம்பழமாகவும் ஒரு சேவலாகவும் மாற்றித் தரும். வீரபாண்டி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி என்று போனால்கூடச் செலவு கைக்கு அடக்கம்தான். தங்கச்சிக்கும் ஒரு பொட்டலம் திருநீறு கொடுத்தனுப்பலாம்.

கிடா வெட்டுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கழுத்தில் மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறோம். ஆடு உடம்பைச் சிலிர்த்து உலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது. உலுக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் தெளிக்கிறோம். அப்போதும் நின்றால் காதுக்குள் ஊற்றுகிறோம். காதுக்குள் தண்ணீர் போன பிறகும் சும்மா நிற்கிற ஆட்டை நான் பார்த்ததில்லை. சாமி இதுவரை எந்தக் கிடாவையும் வேண்டாமென்று சொன்னதில்லை என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொள்வதும் இதனால்தான்.

பல்லி சொல்வதைப் பற்றிப் பஞ்சாங்கத்திலேயே பக்கம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்ச்சுக்குப் போகிற தோட்டக்காரர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று சிரிக்க வேண்டாம். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆசீர்வாதம், பெருக்கம், வாசல் திறத்தல், தலைநிமிர்தல். எரேமியா அழுத அழுகைக்கெல்லாம் யாராவது ஓர் அட்டை அச்சடித்திருக்கிறார்களா? அச்சகத்துக்காரருக்கும் தெரியும், அது விலை போகாது.

சொல்லப்போனால் இந்தக் கலையின் மூல நூலே எரேமியாவின் புத்தகம்தான், 42, 43ஆம் அதிகாரங்கள். பாபிலோன் ராஜா எருசலேமை இடித்துவிட்டுப் போன பிறகு, மிச்சமிருந்த சனங்கள் யோகனான் என்ற படைத்தலைவனோடு எகிப்துக்குப் போய்விடலாம் என்று கிளம்பி, வழியில் பெத்லெகேம் பக்கம் தங்கியிருக்கிறார்கள். மூட்டை கட்டியாகிவிட்டது. அப்போதுதான் தீர்க்கதரிசியிடம் வந்து, ‘எங்களுக்காகக் கடவுளிடம் கேள், அவர் எது சொன்னாலும், அது எங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், கேட்போம்’ என்று சத்தியம் செய்கிறார்கள். எரேமியா கேட்கிறார். பதில் வரப் பத்து நாள் ஆகிறது. பத்து நாள்! நமக்குப் பத்து நிமிஷத்தில் குழந்தை பொட்டலம் எடுத்துவிடுகிறது. வந்த பதில், ‘இங்கேயே இருங்கள், எகிப்துக்குப் போனால் எதற்குப் பயந்து ஓடுகிறீர்களோ அதுவே அங்கே வந்து பிடிக்கும்’ என்பது. உடனே அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? நீ பொய் சொல்கிறாய், இது கடவுள் சொன்னதில்லை, உன் எழுத்தன் பாருக்குதான் உன்னைத் தூண்டிவிட்டான்.

கணக்குப்பிள்ளை மேல் பழி போடுவது எவ்வளவு பழைய வழக்கம் பாருங்கள். அதோடு விடவில்லை, அந்த எரேமியாவையும் பாருக்கையும் கூடவே இழுத்துக்கொண்டு எகிப்துக்கே போனார்கள். வேண்டாமென்று சொன்ன சாமியாடியையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற துணிச்சல் நமக்கு இன்னும் வரவில்லை.

கிழித்துப் போடுகிற வழியும் ஒன்று உண்டு. சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கவிருந்த பந்தலில் ஒரு கிழவர் வந்து, ‘இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ’ என்றார். முகூர்த்த நேரத்தில் வருகிற வாக்கா இது? மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டுவிட்டார். அங்கே அவர் கணக்கு ஒன்று பிசகியது. கிழிந்தது படியோலை. மூல ஓலையைக் கிழவர் பத்திரமாக வைத்திருந்து திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் எடுத்துக் காட்டினார். கல்யாணமும் நின்றுபோனது. ஆகவே கிழிப்பதாக இருந்தால் முதலில் மூலம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

தனிமையில், அமைதியில்தான் கடவுள் பேசுவார் என்று நம்புகிறவர்கள் போடிமெட்டுக்கு ஏறிப் பார்க்கலாம். முந்தல் சோதனைச் சாவடி தாண்டினால் பதினேழு கொண்டை ஊசி வளைவு, நடுவில் புலியூத்து, நாலாயிரம் அடிக்கு மேலே போனால் பனிமூட்டம். கீழே போடி தெரியும், கொஞ்ச நேரத்தில் தெரியாது. ஆனால் அமைதி கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். லாரி ஹாரனும், ரெண்டு மாநிலச் சோதனைச் சாவடிச் சத்தமும், டீக்கடை ரேடியோவும் இருக்கும். விஞ்ஞானிகளே இந்தப் பக்கம் அமைதி தேடித்தான் வந்தார்கள். ஏறக்குறைய எதன் மேலும் படாமல் பூமியையே துளைத்துக்கொண்டு போகிற நியூட்ரினோவைக் காது கொடுத்துக் கேட்கப் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைவதாகத் திட்டம். 2015இல் மத்திய அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. ஊர்க்காரர்கள் சம்மதிக்கவில்லை. 2022இல் தமிழ்நாடு அரசும் வேண்டாமென்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மலையில் இருக்கிற அம்பரப்பரிடம் யாராவது பூக்கட்டிப் பார்த்தார்களா என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

போடிமெட்டில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பனிமூட்டத்தில் இல்லை, காலை ஜீப்பில்தான். விடிவதற்கு முன்னால் போடியிலிருந்து கிளம்பி, ஆள்மேல் ஆள் உட்கார்ந்து, அதில் தோட்ட வேலைக்கு மேலே போகிறவர்கள் பெண்கள். வாக்கு கேட்க நாம் நூறு இடம் போகிறோம், இவர்களிடம் போவதில்லை. ஆனால் செடியின் தூரில் குனிந்து, சரத்தை விலக்கி, காயை ஒவ்வொன்றாகத் தொடுகிற கை அவர்களுடையதுதான். தோட்டத்தில் நாம் நிற்கிற நேரம் பார்த்து அவர்களில் ஒருத்தர் வருவார். உள்ளங்கையில் ரெண்டு காய் இருக்கும், பச்சை போய்ப் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கோத்து. நகத்தால் கீறிக் காட்டுவார். ஏலக்காய் வாசனை வராது, வேறு ஏதோ நாறும்.

‘மொதலாளி, அந்தப் பாத்தி பூராம் அழுகல் எறங்கிருச்சு. மருந்த ஊத்திக்கிட்டே இருந்தா நிக்காது. தண்ணி தேங்குது, வடிய விடணும். நெழலும் ஜாஸ்தி, கொப்பக் கழிக்கணும். அப்புறம், மருந்து அடிச்ச மறுநாளே காயெடுக்க விடாதீங்க. புள்ளைகளுக்குக் கையெல்லாம் எரியுது.’

கேட்காமல் வருகிற வாக்கு இது. உடுக்கை கிடையாது, திருநீறு கிடையாது, பரிகாரமும் கிடையாது. இதைச் சமாளிக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ‘கங்காணிகிட்ட சொல்லும்மா’ என்று சொல்லிவிட்டு ஃபோனைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை.

இவ்வளவு பாதுகாப்போடு இருந்தும் ஒரு தடவை சாமி நேராகவே பேசிவிட்டது. அதை மறைத்து இந்தக் கையேட்டை முடித்தால் நியாயமாகாது. கார்த்திகை பிறந்தால் நம்மில் பாதிப் பேர் மாலை போடுகிறோம். நாற்பத்தொரு நாள் விரதம், இருமுடி, குமுளி வழியாகச் சபரிமலை. சன்னதியில் நின்று எல்லாரும் கேட்பது ‘ஐயப்பா, காய்க்கு ஒரு விலை கொடு’ என்பதுதான். 2023 ஜனவரியில், மகரவிளக்குக்குச் சில நாளே இருக்கும்போது, ஐயப்பன் சன்னதியிலிருந்தே ஏலக்காயைப் பற்றி ஒரு தகவல் வந்தது. விலை பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அரவணைப் பாயசத்தில் போடுகிற ஏலக்காயைப் பரிசோதித்தபோது பதினான்கு பூச்சிமருந்துகள் அளவுக்கு மேல் இருப்பதாக அறிக்கை. ஜனவரி 11ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் அந்த அரவணையை விற்கக் கூடாது என்றது. ஆறரை லட்சம் டின்னுக்கு மேல் அப்படியே தேங்கியது. அடுத்து நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. மலைமேல் கூட்டம் அலைமோதுகிறது, பிரசாதத்தை நிறுத்த முடியாது. ஏலக்காய் போடாமலே அரவணை காய்ச்சினார்கள். அரிசி இருந்தது, வெல்லம் இருந்தது, நெய் இருந்தது. மலை முழுக்க ஏலக்காய் விளைகிற நாட்டில், ஏலக்காய்க்காரர்கள் வரிசையில் நிற்கும்போது, ஐயப்பன் ஏலக்காய் வேண்டாமென்று சாப்பிட்டார்.

இதை விடத் தெளிவாக ஒரு சாமி என்னதான் பேசும்? கோடாங்கி வாயால் வந்திருந்தால் ‘என்ன பரிகாரம்’ என்று கேட்டிருக்கலாம். வந்ததோ ஆய்வகத் தாளில், மருந்துப் பெயரும் அளவும் போட்டு. ஆனாலும் நம் ஆட்கள் பதறவில்லை என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். அந்த வாரம் மலையடிவாரக் கடைகளில் கேட்கக்கூடிய பதில்கள் எல்லாமே நல்ல பதில்கள். அது டெண்டர் தகராறு, சப்ளை கிடைக்காத வியாபாரி போட்ட கேஸ். அது எந்தத் தோட்டத்துக் காயோ, நம்ம காயா? மருந்து அடிக்காவிட்டால் தண்டு துளைப்பான் விடுமா, பேன் விடுமா, சொறி பிடித்த காயை யார் வாங்குவார்? சவூதிக்காரன் திருப்பி அனுப்பியபோதே ஒன்றும் ஆகவில்லை, இதற்கு என்ன? இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் விசேஷம். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அந்த வழக்கை உயர் நீதிமன்றம் எடுத்திருக்கவே கூடாது என்று சொல்லி உத்தரவை ரத்தும் செய்துவிட்டது. பூக்கட்டிப் பார்ப்பதில் ஒரு தடவை போதாது என்று சொன்னேனே, அந்த அடுத்த பொட்டலம் சில சமயம் டெல்லியிலும் பிரிக்கப்படும்.

அரவணை டின் திறந்து நாக்கில் வைத்தவர்களுக்கும், மறுநாளே காயெடுக்கப் போய்க் கை எரிகிறவர்களுக்கும் அந்தத் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுங்கள். சீசன் எப்படி, போடிக்கு ரயில் திரும்பி வந்தது எவ்வளவு சௌகரியம் என்று பேசலாம்.

நடைமுறைக்குத் தேவையான கடைசி யோசனை ஒன்று. மருந்தடிக்கிற பையன் திங்கட்கிழமை காலையில் ஃபோன் பண்ணுவான். ‘அண்ணே, டிரம்முல தண்ணி ரொப்பிட்டேன். இந்தத் தடவையாச்சும் கொறச்சுக் கலக்கவா? வடிகால் வெட்ட நாலு ஆளு சொல்லவா?’ என்று கேட்பான். கேள்வி நீளமாக இருக்கும், ஒரு கணம் தொண்டை அடைக்கும். ‘போன தடவை மாதிரியே கலக்குடா’ என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுங்கள். வைத்த கையோடு காலண்டரை எடுத்து, இந்த வருஷம் மாலை போட எந்தத் தேதி தோதாக வருகிறது என்று பாருங்கள்.